கார்பன் ஹாக்கி மட்டை நாலே மாதத்தில் போச்சு, பரணில் கிடந்த மர மட்டை கல்லு மாதிரி இருக்கு. எதை வாங்குவது?

மன்னார்குடி_லெஃப்ட்பேக்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளி ஹாக்கி டீமில் ரைட் ஹாஃப், அதாவது நடு வரிசையில் வலப்பக்கம். போன ஜூனில் பள்ளி திறந்தபோது, 70 சதவீதம் கார்பன் என்று ஒட்டியிருந்த மட்டை ஒன்றை ஏழாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கித் தந்தேன். என் வீட்டில் டிவிக்கு அடுத்தபடியாக விலை உயர்ந்த சாமான் அதுதான். தீபாவளிக்கு முன்னாடியே கதை முடிந்தது.

உடைந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். உடையவில்லை. ஹூக்குக்கு, அதாவது அடியில் வளைகிற பகுதிக்கு, ஒரு சாண் மேலே முடி மாதிரி ஒரு கீறல், பெயிண்ட் உரிந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். பிறகு பந்தை அடிக்கும்போதெல்லாம் விரிசல் விட்ட பானையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம், உள்ளங்கையில் ஜிவ்வென்று அதிர்வு, பந்தும் பாதித் தூரத்திலேயே படுத்துக்கொள்கிறது. விற்ற கடையில் கேட்டால், "மட்டையோடு மட்டை மோதின தடம் இருக்கு சார், வாரன்ட்டி வராது" என்று போட்டோவைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். ஹாக்கியில் மட்டையோடு மட்டை மோதாமல் எப்படி ஆடுவது என்று கேட்டேன், பதில் இல்லை.

இந்தப் போகிக்குப் பரணைக் காலி செய்யும்போது என்னுடைய பழைய மட்டை கிடைத்தது. 1994ல் வாங்கியது, மல்பெரி மரம், பிரம்புக் கைப்பிடி. மனைவி அதைப் பழைய பாயோடு சேர்த்துக் கொளுத்தப் பார்த்தார், ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கிரிப் துணி மட்டும் தொட்டதும் தூளாகக் கொட்டியது. மரத்தில் ஒரு விரிசல் இல்லை. வாசலில் நாலு அடி அடித்துப் பார்த்தேன், "டக்" என்று அதே சத்தம்!

என் கேள்வி இதுதான். இப்போது வரும் மட்டைகளை நாலு மாதம் உழைத்தால் போதும் என்றே செய்கிறார்களா? பேசாமல் மகளுக்கு ஒரு நல்ல மர மட்டை வாங்கிக் கொடுத்துவிடலாமா? பள்ளி மைதானம் கப்பிக்கல்லும் செம்மண்ணும் கலந்த தரை, ஐப்பசி மழையில் பத்து நாள் குளம்.

கும்பகோணம்_கீப்பர்:

அண்ணே, கோபப்படாமல் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்த 1994 மட்டைக்கு முன்னாடி எத்தனை மட்டை உடைத்தீர்கள்? அந்த மட்டையால் எத்தனை மேட்ச் ஆடினீர்கள்?

எல்லோர் வீட்டுப் பரணிலும் ஒரு மர மட்டை இருக்கிறது. உடைந்ததெல்லாம் அன்றைக்கே அடுப்புக்குப் போயிருக்கும், ஆடாமல் வைத்ததுதான் பரணுக்குப் போயிருக்கும். அதை வைத்து "அந்தக் காலத்து மட்டை உழைத்தது" என்று சொல்வது, தொண்ணூறு வயசு தாத்தா ஒருத்தரைக் காட்டி அந்தக் காலத்தில் யாருமே சின்ன வயசில் சாகவில்லை என்று சொல்வது மாதிரி.

மன்னார்குடி_லெஃப்ட்பேக்:

மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிளஸ் டூ படித்த ஒரே வருஷத்தில் மூன்று உடைத்திருக்கிறேன். ஒன்று திருவாரூரில் ஒரு மேட்ச் தொடங்கி பத்து நிமிஷத்தில், கைப்பிடியும் மரமும் சேருகிற இடத்தில் இரண்டாகப் போனது, அடிபட்ட துண்டு அம்பயர் காலடியில் விழுந்தது. இந்த நாலாவது மட்டையை வாங்கி இரண்டு மாதத்தில் பரீட்சை வந்துவிட்டது, அதோடு ஹாக்கியும் போச்சு.

ஆனாலும் தம்பி, அந்த மூன்றும் சேர்த்து இன்றைய பணத்துக்கு எவ்வளவு இருந்துவிடும்? ஒன்று உடைந்தால் அப்பா திட்டுவார், அடுத்த சம்பளத்தில் வேறு வந்துவிடும். ஏழாயிரம் அப்படி வருமா?

ஓய்வு_பெற்ற_பிடி_வாத்தியார்:

இரண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு மட்டை வாங்கிக் கொடுத்தவன், ஒட்டிக் கொடுத்தவன், உடைத்த பையனை முட்டி போட வைத்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

மர மட்டை என்றால் ஒரே கட்டை இல்லை. தலைப்பகுதி மல்பெரி, அதாவது பட்டுப்பூச்சிக்கு இலை போடுகிறோமே அதே முசுக்கட்டை மரம். ஆவியில் வேகவைத்தால் முறியாமல் வளையும், நார் நெருக்கம், அடி தாங்கும். கைப்பிடி பிரம்பு, அதற்குள்ளே ரப்பர் பட்டை, அதிர்வைக் குடிக்க. பிரம்பையும் மரத்தையும் ஆப்பு செருகுகிற மாதிரி இழைத்து ஒட்டுவார்கள், லெஃப்ட்பேக் சாருக்கு முறிந்தது அந்த ஒட்டில்தான். இந்த வேலை சியால்கோட்டில் வளர்ந்தது. பிரிவினைக்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்கள் ஜலந்தரில் பட்டறை போட்டார்கள், நம் பள்ளிகளுக்கு வந்த பார்சலில் பெரும்பாலும் ஜலந்தர் முத்திரை இருக்கும், கொஞ்சம் மீரட். பிறகு தலையையும் ஒரே மரமாக இல்லாமல் மெல்லிய பட்டைகளாக அடுக்கி ஒட்ட ஆரம்பித்தார்கள், ஹூக்கைச் சின்னதாக, இன்னும் இறுக்கமாக வளைக்க முடிந்தது அதனால்தான்.

பார்சல் வந்தால் நான் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு மட்டையாக வெயிலில் பிடித்து மரத்தின் ரேகையைப் பார்ப்பது. மட்டையின் நடுப்பகுதியிலிருந்து இறங்கி வருகிற ரேகை ஹூக்கோடு சேர்ந்தே வளைந்து போனால் அந்த மட்டை ஒரு சீசன் தாண்டும். வளைவில் ரேகை வெளியே ஓடி விளிம்பில் முடிந்தால், அந்த இடத்தில் நிச்சயம் சிலாம்பு கிளம்பும். இருபது மட்டையில் அப்படிப்பட்ட நல்ல மட்டை ஐந்தாறு தேறும், அதை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் டீமுக்குள் சண்டையே.

மரத்தில் எனக்குப் பிடித்த விஷயம், அது சொல்லிவிட்டுத்தான் சாகும். முதலில் ஒரு சிலாம்பு, அப்புறம் ஒட்டுக்கோடு லேசாக வாய் திறக்கும், அப்புறம் ஓரம் நார் நாராகக் கிளம்பும். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது செய்யலாம். பசை விட்டு, சைக்கிள் டியூபை நீளமாக அறுத்து இறுக்கிச் சுற்றி, ஒரு ராத்திரி விட்டால் இன்னும் ஒரு மாதம் ஓடும். கார்பன் அப்படி இல்லை. பிசினில் தோய்த்த துணி அடுக்குகளை அச்சில் வைத்துச் சூடு கொடுத்துச் செய்வது அது. ஒரு பலமான அடியில் அடுக்குகள் உள்ளுக்குள்ளேயே பிரிந்துவிடும், வெளியே பெயிண்ட் பளபளவென்று சிரிக்கும்.

அதற்காக மரத்தைத் தூக்கித் தலையில் வைக்கவும் நான் தயாரில்லை. மழையில் நனைந்தால் கனக்கும், காய்ந்தால் வெடிக்கும், காலையில் அடித்த அடிக்கும் மாலையில் அடிக்கும் அடிக்கும் ஒட்டாது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததோடு ஆட்டமே வேகமாகிவிட்டது. நம்ம வாசுதேவன் பாஸ்கரன் கேப்டனாக 1980ல் மாஸ்கோவில் தங்கம் வாங்கியதும் செயற்கைத் தரையில்தான், மட்டை மட்டும் மரம். அதற்கப்புறம் வந்த தலைமுறைக்கு மரத்தின் விறைப்பு போதவில்லை, அவ்வளவுதான்.

ஆடுதுறை_பக்கம்:

எனக்கு ஹாக்கி தெரியாது, மரம் என்று கண்ணில் பட்டதால் உள்ளே வந்தேன். பக்கத்தில்தான் நரசிங்கம்பேட்டை, நாகஸ்வரம் செய்கிற ஊர். அங்கே ஆச்சா மரத்தைப் புதிதாக வெட்டிக் கடைய மாட்டார்கள். பழைய வீடு இடிக்கும் இடத்தில் உத்தரமும் தூணும் வாங்கி வருவார்கள், பல வருஷம் வெயில் மழை பார்த்து, சுருங்குவதெல்லாம் சுருங்கி முடித்த மரம். வாத்தியார் சொல்கிற ரேகைக் கணக்கை அங்கேயும் பார்ப்பார்கள்.

சும்மா கேட்கிறேன், ஆச்சா மரத்தில் ஹாக்கி மட்டை செய்தால் என்ன? பரணில் இருக்கிற மட்டைக்கு நம் ஊர் ஆசாரியிடம் கொடுத்து ஒரு ஆணியோ பித்தளைப் பட்டையோ அடித்து பலப்படுத்தலாமே?

கும்பகோணம்_கீப்பர்:

ஐயையோ, ஆணி மட்டும் வேண்டாம். சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் விதிப்படி மட்டை எந்தப் பொருளாலும் இருக்கலாம், உலோகம் மட்டும் கூடாது. ஆணி, பித்தளைப் பட்டை, செம்புக் கம்பி எதுவுமே ஆகாது. விதியை விடுங்கள், ஆணித்தலை வெளியே வந்து எதிராளி முழங்காலைக் கிழித்தால் யார் பதில் சொல்வது? டேப், பசை, நூல் சுற்றுவது எல்லாம் சரி, மேல்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, 51 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள வளையத்துக்குள் மட்டை நுழைய வேண்டும், மொத்த எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது. எங்கள் டீமில் ஒருத்தன் உடைந்த மட்டைக்கு டேப்பாகச் சுற்றிச் சுற்றி, கடைசியில் அது வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்ட கால் மாதிரி இருந்தது. அம்பயர் பார்த்த பார்வையிலேயே வெளியே வைத்துவிட்டான்.

ஆச்சா பற்றி வாத்தியார் சொல்லட்டும்.

ஓய்வு_பெற்ற_பிடி_வாத்தியார்:

நாகஸ்வரத்துக்கு நேராகக் கடைந்தால் போதும், வளைக்க வேண்டியதில்லை. ஹாக்கி மட்டைக்கு வளைவுதான் உயிர். கடினமான மரத்தை ஹூக் வடிவத்தில் அறுத்து எடுத்தால் ரேகை குறுக்கே போய்விடும், முதல் அடியில் ஹூக்கின் முனை பறக்கும்.

திருச்சி_மிட்ஃபீல்ட்:

நான் இப்போது கல்லூரி டீமில் ஆடுகிறேன், அதற்கு முன் ஹாஸ்டலில் ஐந்து வருஷம். பெரியவர்கள் மன்னிக்கணும், எல்லோரும் மட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள், தரையைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணனின் கேள்வியில் கடைசி வரிதான் முக்கியமான வரி. கப்பிக்கல் தரை!

2025 ஜூனியர் உலகக் கோப்பைக்கு மதுரைக்கு மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் டர்ஃப், அதாவது செயற்கைத் தரை முழுக்கத் தண்ணீர் அடிக்கிறார்கள், மட்டை தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது, உரசலே இல்லை. இந்த 70, 90 சதவீத கார்பன் மட்டையெல்லாம் அந்தத் தரைக்காகச் செய்வது. அதை நம் ஊர் மைதானத்தில் இழுப்பது, தினமும் ஒன்றரை மணி நேரம் மட்டையை உப்புத்தாளில் தேய்ப்பதற்குச் சமம். நான் எட்டாவது படிக்கும்போது என் மட்டையின் அடி விளிம்பு மூன்றே வாரத்தில் பெயிண்ட் போய், கறுப்பு நார் தெரிந்து, அதன் முனை விரலில் ஏறி ஒரு வாரம் சீழ் வைத்தது. மூங்கில் சிலாம்பைவிட மோசம், கண்ணுக்கே தெரியாது. அப்படி நார் தெரிகிற இடத்தில் ஈரமும் உள்ளே போகும். மர மட்டையாக இருந்தாலும் அந்தத் தரையில் ஹூக்கின் அடி தேயத்தான் செய்யும், என் சீனியர் அக்கா ஒருத்தரின் மட்டை அடிப்பக்கம் தேய்ந்து தேய்ந்து தோசைக் கரண்டி மாதிரி ஆகியிருந்தது.

இன்னொன்று, சதவீதம் ஏறினால் உறுதியும் ஏறும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். கார்பன் ஏற ஏற விறைப்பு ஏறும். அடி வேகமாகப் போகும், ஆனால் மோதலைத் தாங்குகிற இளக்கம் குறையும். ஃபைபர் கிளாஸ் அதிகம் உள்ள மட்டை கொஞ்சம் மந்தம், அதற்குத் தாங்கும் குணம் அதிகம். அராமிட் (கெவ்லார் மாதிரி நார்) கலந்தது அதிர்வைக் குறைக்கும். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு, அதுவும் டேக்கிள் போட்டு எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தே பிழைக்கிற ஹாஃப் லைனுக்கு, 70 எதற்கு அண்ணே? 20, 30 சதவீதம் போதும். பாதி விலைக்கும் கீழே வரும்.

அப்புறம் ஹூக்குக்கு மேலே தண்டு நீளவாக்கில் வில் மாதிரி வளைந்திருக்கிற வளைவையும் பாருங்கள். விதிப்படி 25 மில்லிமீட்டர் வரை வளையலாம். பந்தை மட்டையால் இழுத்துத் தூக்கி எறிகிற டிராக் ஃபிளிக் போடுகிறவர்களுக்காக வளைவைக் கீழே கொண்டுவந்த மட்டைகள் உண்டு, பார்க்க ஸ்டைலாக இருக்கும், அதில் நேராக அடித்தால் பந்து எகிறும். குண்டும் குழியுமான தரையில் பந்து ஏற்கெனவே எகிறும், இரண்டும் சேர்ந்தால் எதிரே நிற்கிறவளின் பல்லுக்கு ஆபத்து. நடு வளைவு உள்ளதாக வாங்குங்கள்.

மர மட்டை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டு வாசலில் பந்தைத் தட்டிக்கொண்டே போகிற டிரிபிளிங் பழக அது அருமை. மேட்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். டீமில் எல்லோரும் காம்போசிட் (கார்பன், ஃபைபர் கலந்த மட்டை) வைத்திருக்கும்போது இவள் மட்டும் மரம் வைத்திருந்தால், மோதுகிற மோதலில் மரம்தான் முதலில் போகும். அரியலூரிலிருந்து கார்த்தி செல்வம் இந்திய டீமுக்குப் போன பிறகு எங்கள் பக்கம் பிள்ளைகள் நிறைய மட்டை தூக்குகிறார்கள். பெற்றவர்கள் முதல் மட்டையையே விலை உயர்ந்ததாக வாங்கிக் கொடுத்துவிட்டு, அது உடைந்ததும் ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

வெண்ணாறு_வடகரை:

கிரிக்கெட் பேட் வாங்கிக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

கும்பகோணம்_கீப்பர்:

அதையும் எண்ணெய் போட்டு, தட்டித் தட்டிப் பழக்கி, ஈரம் படாமல் பொத்தி வைக்கணும் தம்பி. வேண்டுமென்றால் கேரம் போர்டு வாங்கிக் கொடுங்கள்.

மன்னார்குடி_லெஃப்ட்பேக்:

திருச்சி தங்கை சொன்னதைப் படித்துவிட்டு நேற்று மாலை மைதானத்துக்கே போய்ப் பார்த்தேன். மண் அரித்துப் போன இடத்தில் கல் துருத்திக்கொண்டு நிற்கிறது, செருப்புப் போட்ட காலுக்கே உறுத்துகிறது. பதினெட்டு பிள்ளைகள் ஆடினார்கள். ஒவ்வொரு மட்டையாக வாங்கிப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றில்கூட அடி விளிம்பில் பெயிண்ட் இல்லை. இத்தனை நாளும் இதை நான் பார்க்கவே இல்லை, மட்டை செய்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மேல் உள்ள கோபம் மட்டும் போகவில்லை, எந்தத் தரையில் ஆடுகிறாள் என்று விற்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இரண்டு கேள்வி மிச்சம். விளிம்பில் டேப் ஒட்டினால் நிற்குமா? கீறல் விழுந்த மட்டையா இல்லையா என்று வாங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? டீமில் ஒரு பெண் தன்னுடைய பழைய மட்டையை இரண்டாயிரத்துக்குத் தருகிறேன் என்கிறாள்.

திருச்சி_மிட்ஃபீல்ட்:

டேப் ஒட்டலாம், துணி டேப் எடுங்கள், பிளாஸ்டிக் டேப் முதல் நாளே சுருண்டுகொள்ளும். ஹூக்கின் அடியை மட்டும் மூடுகிற மாதிரி ஒரே சுற்று, பந்து படுகிற தட்டைப் பக்கத்தில் ஏறக் கூடாது. வாரம் ஒரு தடவை மாற்றணும், பத்து ரூபாய் வேலை. நார் தெரிந்துவிட்டால் டேப்புக்கு முன்னால் இரண்டு டியூபைக் கலந்து பூசுகிற பசையை மெலிசாகத் தடவிக் காயவிடுங்கள்.

பழைய மட்டைக்கு ஒரு சோதனை. கிரிப்பின் மேல் முனையை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஒரு பந்தால் கீழிருந்து மேலாக, விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மட்டை வரிசையாக ஒரே மாதிரி "டங்" என்று பேசும். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் அமுங்கிப் போனாலோ, ஈ மொய்க்கிற மாதிரி இரைந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஐநூறுக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டையைப் போட்டு வைக்கிற பழக்கம் அந்தப் பெண்ணுக்கு உண்டா என்றும் கேளுங்கள், கடும் சூடு பிசினுக்கு ஆகாது.

மன்னார்குடி_லெஃப்ட்பேக்:

தட்டிப் பார்த்தேன். நடுவில் "டொக்". வாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கே அது தெரியாது, பாவம், முகம் வாடிப்போச்சு. 25 சதவீத கார்பன், நடு வளைவு, மூவாயிரத்துக்குக் கீழே ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.

பழைய மர மட்டையை மகள் எடுத்துக்கொண்டாள். மளிகைக் கடைத் தராசில் நிறுத்தினாள், 590 கிராம். கைப்பிடிக்குக் கீழே 22 என்று பொறித்திருக்கிறது, அவுன்ஸ் கணக்கு என்றால் 620 கிராமுக்கு மேல் வரணுமே, கிரிப் போனதில் குறைந்ததா, முப்பது வருஷம் ஓட்டுக்கு அடியில் காய்ந்ததில் குறைந்ததா தெரியவில்லை. இதற்கு எண்ணெய் போடலாமா? அந்தக் காலத்தில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவார்.

ஓய்வு_பெற்ற_பிடி_வாத்தியார்:

தேங்காய் எண்ணெய் மரத்தில் காயவே காயாது, பிசுபிசுத்து மண்ணை இழுக்கும். உங்கள் அம்மா மாதிரியே பாதி ஊர் தடவிக்கொண்டிருந்தது, நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஆளிவிதை எண்ணெய் வாங்குங்கள், பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்கள். காய்ச்சியது வேண்டாம், பச்சையாக உள்ளது. பழந்துணியில் நாலு சொட்டு, தலைப்பகுதிக்கு மட்டும், ஒட்டுக்கோட்டில் இறங்காமல். படுக்க வைத்து ஒரு நாள் விட்டு, துடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பிரம்புக்கு வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் கொடியில் போடுங்கள்.

முப்பது வருஷம் காய்ந்த பசை. முதல் நாளே பலமாக அடிக்கச் சொல்லாதீர்கள்.

மன்னார்குடி_லெஃப்ட்பேக்:

சொல்வதற்குள் அடித்துவிட்டாள் வாத்தியாரே. மட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்து வீட்டு மாடத்து அகல் போச்சு.